கேஸ் டிரபிள்

எங்கள் பெரியப்பாவுக்கு வந்தது கேஸ் டிரபிள் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். 80-களில் முசிறிப் பக்கம் ஆம்பளைக்கு அதைவிட்டால் வேறு வியாதி வர அனுமதி கிடையாது. அரிசி மில்லில் நஷ்டம். மனுஷன் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் இல்லை. அப்பத்தா ஓமத்தண்ணி காய்ச்சினாள், சித்தப்பா சோடா உடைத்தார். "வாயு மேல ஏறி மண்டைய அடைச்சிருக்கு" என்று கம்பவுண்டரும் ஒத்து ஊதினார்.

கடைசியில், மனம் கலங்கியவர்களைத் தங்க வைக்கும் குணசீலம் பெருமாளிடம் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்க வைத்தார்கள். கிளம்பியது ராத்திரி கடைசி பஸ்ஸில். விசாரித்தவர்களிடம், "மில்லு விஷயமா சேலம் போயிருக்கார்."

எங்கள் தெரு அத்தைகளுக்கு இந்தச் சங்கடமில்லை. ஆடியில் உடுக்கைச் சத்தம் கேட்டால் போதும், மாமியார்மேல் வருஷக்கணக்காய் இருந்த ஆத்திரமெல்லாம் அம்மன் பெயரில் இறங்கிவிடும். தட்டில் எலுமிச்சம்பழத்தோடு மரியாதை வேறு. ஆம்பளைக்கு அருள் வந்தால் அரிவாள்மேல் ஏறி நிற்க வேண்டும். சாமிகூட அவனிடம் வீரத்தைத்தான் கேட்கிறது.

இப்போது காலம் மாறிவிட்டது. உடல்நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. 14416-க்கு அடித்தால் இலவசமாய் ஆலோசனை, அதுவும் தமிழில். அண்ணன் மகனின் ஐ.டி. கம்பெனியில் மனநலக் கூட்டம் நடத்தி பீட்சா தருகிறார்கள். பீட்சா தீர்ந்துவிடும், "யாருக்காவது கேள்வி?" என்றால் மட்டும் எல்லோரும் செல்போனைப் பார்ப்பார்களாம்.

அவனுக்கு நெஞ்சு படபடப்பு. இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்து, இதயம் நன்றாயிருக்கிறது என்றபோது வீட்டில் ஒருவருக்கும் சந்தோஷமில்லை. இதய டாக்டரே மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார். "சித்தப்பா, நீங்க மட்டும் வாங்க" என்றான். பைக்கை அடுத்த தெருவில் கண்ணாஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான். உள்ளே வரிசையாக ஆண்கள், அத்தனை பேரும் யாருக்கோ துணைக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் என்னைக் கண்டதும் எழுந்து, "மச்சானுக்கு மாத்திரை வாங்க வந்தேன்" என்றார். மச்சான் துபாயில் இருப்பது எனக்குத் தெரியும்.

தெருமுனை டாஸ்மாக்கில் இப்படி யாரும் முகத்தை மறைப்பதில்லை. அங்கே மனசு விட்டுப் பேசலாம், தோளில் சாய்ந்து அழலாம். மறுநாள் கேட்டால் போதை என்று முடித்துக்கொள்ளலாம். 2003 முதல் சில்லறையாகவும் அரசாங்கமே விற்பதால் கௌரவத்துக்கும் குறைவில்லை. ஆனால் போதையில் அழுததோடு தீர்ந்துவிடுகிறதா? 2022-ல் இந்த நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். அதில் எத்தனை வீட்டில் ஓமத்தண்ணி காய்ச்சினார்களோ.

பையன் இப்போது தேவலை. ஒழுங்காகப் போகிறான், மாத்திரையும் விடுவதில்லை. டாக்டர் நம்பரை மட்டும் போனில் 'ஏ.சி. மெக்கானிக்' என்று பதிந்து வைத்திருக்கிறான். போன வாரம் அவன் டீம் லீடர் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அந்த ஏ.சி. மெக்கானிக் நம்பர் குடேன். எங்க வீட்லயும் கூலிங் பத்தல" என்றாராம்.