கரண்ட் எங்களது, கலர் லைட் அவர்களது

மஸ்கெலியா டவுனில் சிக்னல் லைட் கிடையாது. ஆகவே கரண்ட் போனால் எங்கள் சந்தி தடுமாறாது. கரண்ட் இருக்கும்போது எப்படித் தடுமாறுமோ அப்படியேதான் தடுமாறும்.

ஆனால் கொழும்புச் சிக்னல் எரிவதில் எங்களுக்கும் பங்குண்டு. மவுசாக்கலை அணைக்காகப் பழைய டவுனையே தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மேட்டுக்கு ஏறி வந்த ஊர் இது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் தலையை நீட்டி, கரண்ட் பில் எவ்வளவு வருகிறது என்று விசாரிக்கும். அந்தத் தண்ணீர் கெனியன், நியூ லக்ஷபான, பொல்பிட்டிய என்று இறங்கி மூன்று மின்நிலையங்களில் வேலை செய்கிறது. தோட்டத்துத் தண்ணீர் அல்லவா, ஒரு வேலையோடு விட்டுவிடுவார்களா?

இவ்வளவு கொடுத்தும் கொழும்புச் சந்திகள் இருண்டுபோகின்றன. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. அந்த நாட்களில் கொழும்பில் உறவுக்காரப் பையனின் ஆட்டோவில் போனேன். நாலு பக்கமும் வண்டி முட்டிக்கொண்டு நிற்க, சிக்னல் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

“இப்ப பச்சை யாருக்குடா?”

“பஸ்காரனுக்கு மாமா. கரண்ட் இருந்தாலும் அவனுக்குத்தான்.”

பிறகு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கை வைத்ததாக அமைச்சர் சொன்னார். நாடு முழுக்க இருட்டு. எங்கள் லயத்துக் கூரைத் தகரத்தில் குரங்குகள் தினமும் கூத்தாடுகின்றன. நாட்டுக்கு ஒன்றும் ஆனதில்லை. எல்லாம் இடத்தைப் பொறுத்தது.

அணையும் சிக்னலுக்கு மருந்து பெரிய மருந்துமில்லை. பழைய குண்டு பல்பு சிக்னல் என்றால் விளக்கொன்றுக்கே 100 வாட்டுக்கு மேல் வேண்டும். பற்றரி அதை நெடுநேரம் தாங்காது. எல்ஈடிக்குச் சுமார் 10 வாட் போதும். சந்தியோரப் பெட்டிக்குள் பற்றரியை வைத்துவிட்டால், கரண்ட் போன நொடியே அது பொறுப்பெடுக்கும்; சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சார்ஜ் இறங்க இறங்க முழு வேலையை விட்டு வெறுமனே சிமிட்டும்படியும் செய்யலாம். எங்கள் ஊர்ச் சலூன்கள்கூட டீவிக்கு இன்வேர்ட்டர் வைத்திருக்கின்றன. தலைநகரத்துச் சந்திக்கு வைக்கக்கூடாதா? பூட்டு மட்டும் நல்லதாக இருக்கட்டும். தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க்கில் சிக்னல் பற்றரியையே கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நம்மவர்கள் கைத்திறனில் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல.

எங்களிடம் வேறு ஏற்பாடு. மார்கழிப் போயா தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைக் கூட்டம் நல்லதண்ணிக்குப் போகும் வழி இதுதான். பஸ்ஸும் வேனும் வால் பிடித்து நிற்கும்போது ஒரு பொலிஸ்காரர் விசிலோடு இறங்குவார். கை, விசில், அதட்டல் மூன்றுக்கும் கரண்ட் தேவையில்லை. இடைக்கிடை ஒரு பிளேன்டீ போதும். அதுவும் இங்கேயே விளைகிறது.

கொழும்பு போகிறவர்களுக்கு ஒன்று: சிக்னல் அணைந்திருந்தால் நாலு பக்கமும் சிவப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நின்று, பார்த்து, பஸ்ஸை விட்டுவிட்டுப் போங்கள்.