ஐபேட் பூட்டும் ரூஸ்வெல்ட் சாவியும்

லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013-இல் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஐபேட் கொடுக்கக் கிளம்பியது. திட்டமிட்ட செலவு 100 கோடி டாலருக்கும் மேல். புதுமை என்று வந்துவிட்டால் காசைப் பார்க்கலாமா? வேண்டாத தளங்கள் எதுவும் திறக்காதபடி நிபுணர்கள் பூட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். சில நாள்தான். ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் செட்டிங்ஸுக்குள் போய், மாவட்டம் பதித்திருந்த கட்டுப்பாட்டை அழித்தார்கள். ஃபேஸ்புக் திறந்துகொண்டது. கணக்கில் எப்படியோ, இந்தப் பாடத்துக்கு ஆசிரியரே தேவைப்படவில்லை. மாவட்டம் உடனே கண்ட தீர்வு: ஐபேடை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது! 2014-இல் ஆப்பிளுடன் போட்ட ஒப்பந்தமே நின்றது. அடுத்த ஆண்டு மாவட்டத்துக்கு 42 லட்சம் டாலர் தந்து கணக்கை முடிக்க ஆப்பிள் இசைந்தது. இத்தனை செலவில் இலவசமாகக் கிடைத்த தொழில்நுட்ப ஆலோசனை அந்தப் பிள்ளைகளுடையதுதான்; அதற்கு யாரும் டெண்டர் விடவில்லை.