17 சதவீத அறிவியல்

காவிரி டெல்டாவில் அறிவியல் பாடம் எடுக்கும் ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்; பிள்ளைகளுக்கு எதையும் நிறுத்துப் பார்க்க மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

வெர்னியர் அளவியைக் கரும்பலகையில் வரையுங்கள். பாகங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். சுழிப்பிழை என்றால் என்ன என்று கேளுங்கள். அதுவரை ஆபத்தில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் நோட்ஸில் இருப்பதை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். அதே பையன் சுழிப்பிழையைத் தேடிக்கொண்டு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துத் தராசடிக்குப் போனால்தான் வம்பு. 40 கிலோ மூட்டைக்கு மேல் ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகப் போகிறது என்று அப்பன் வருஷா வருஷம் புலம்புகிறானே, இந்தப் பிழை ஒரு தடவைகூட விவசாயி பக்கம் சாயாதா என்று கேட்டுத் தொலைப்பான்.

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் முட்டிக்கொள்ளும். நிலையத்து வாசலிலும் ரோட்டோரத்திலும் தார்ப்பாய் போர்த்திய நெல் குவியல்கள். மீட்டரில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் வேண்டாம். மாநில அரசு 22 கேட்கும். தில்லியிலிருந்து குழு வரும். ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளும். பையில் மாதிரி அள்ளிக்கொண்டு போகும். 2022இல் அப்படி யோசித்து 19 கொடுத்தார்கள். கடிதம் போய்வருவதற்குள் குவியலின் அடிநெல் முளை விட்டுவிடும். விதை முளைக்க நீர், காற்று, வெப்பம் மூன்றும் வேண்டும் என்ற பாடத்துக்கு இவ்வளவு பிரமாண்டமான செய்முறை விளக்கத்தை வேறெந்த அரசாங்கம் நடத்திக்காட்டும்?

ஒரு குடும்பத்தின் வருஷக் கஞ்சி 17க்கும் 19க்கும் நடுவில் தொங்குகிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லித்தர மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியடு கிடையாது.

செலவு பெரிதா என்றால் இல்லை. சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று, நூறு கிராம் நெல், சத்துணவுக் கூடத்து அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி. கருகவிடாமல் இளஞ்சூட்டில் கிளறி, ஆறவைத்து நிறுக்க வேண்டும். மறுபடி சூடேற்றி மறுபடி நிறுக்க வேண்டும், எடை இறங்குவது நிற்கும்வரை. எத்தனை கிராம் இறங்கியதோ அத்தனை சதவீதம். ஐந்து குழுவுக்கு ஐந்து விடை வரும். வரட்டுமே! ஏன் வந்தது என்று அவர்கள் சண்டை போடுவதுதான் பாடம். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, நெல்லைப் பல்லில் கடித்துக் காய்ச்சல் சொல்லச் சொல்லலாம். அவர் பல்லும் மீட்டரும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அட்டவணை போடலாம். கணக்கும் கூடவே வரும். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல் 17க்குக் காய்ந்தால் சுமார் 94 கிலோ. ஆறு கிலோ தண்ணீருக்காக நூறு கிலோவையும் மழையில் கிடத்துவது எந்த ஊர்க் கணக்கு? ஈரநெல் கிடங்கில் சூடேறும், பூசணம் பிடிக்கும் என்று பதில் வரும். நியாயமான பதில்தான். அப்படியானால் நிலையத்துக்கு ஒரு உலர்த்தி இயந்திரம் வைத்தால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். பார்த்தீர்களா, நூறு கிராம் நெல் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது!

இந்த விபரீதம் நடக்காமல் காக்கத்தான் ரெக்கார்ட் நோட்டு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு 25 மதிப்பெண். போன வருஷத்து அண்ணன் நோட்டைப் பார்த்து எழுதினால் போதும். அளவீடெல்லாம் பிசகாமல் வந்து விழும். முதலில் விடை, பிறகு அதற்கேற்ற அளவீடு. ஆய்வகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது பல பள்ளிகளில் தேர்வு வாரத்தில்தான் தெரியவரும்.

இதே டெல்டாவில், தஞ்சாவூரில், மன்னர் இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகால் என்ற மருத்துவமனையை நடத்தினார். அவர் இறந்தது 1832இல். கண் நோயாளி வந்தால் கண்ணைப் படமாக வரைந்து, செய்த சிகிச்சையையும் குறித்துவைத்தார்கள். யாரோ பார்த்ததை அல்ல, தாங்கள் பார்த்ததை. அந்தக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. நாமோ பிள்ளைகளை அங்கே வரிசையில் கூட்டிப்போய் நிறுத்திவிட்டு, மறுநாள் அண்ணன் நோட்டைக் கையில் கொடுக்கிறோம்.

செய்து பார்த்தே படிக்கட்டும் என்று மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாதில் 1972இல் அறிவியல் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். கிராமத்துப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்தார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். முப்பது வருஷம் ஓடியது. 2002இல் அரசே நிறுத்திவிட்டது. நம் ஊரில் 2022இல் வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் வந்தது. சோதனைப் பொருளோடு ஆள் வருகிறார். நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். அவர் போன மறுநாள் வகுப்பில் கோடிட்ட இடங்களை நிரப்புகிறார்கள்.

ஸ்மார்ட் வகுப்பறை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் குறுவைக்குக் கொள்முதல் நிலையம் இருக்கும் ஊர்ப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு தராசு கொடுங்கள். பிள்ளைகள் தினமும் ஒரு பிடி நெல்லை எடுத்துப்போய்க் காயவைத்து நிறுத்து, நிலையத்துச் சுவரில் அரசாங்க எண்ணுக்குப் பக்கத்தில் எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவின் எண்ணையும் சாக்பீஸால் எழுதட்டும். எந்த அதிகாரி முதலில் ஓடிவந்து அழிக்கச் சொல்கிறார் என்று பார்த்துவிடுவோம்.