78 வருஷக் கடனும் ஒரு கிழமைக் கடலும்

ஏஜாக்ஸ், ஒன்ராறியோ
மார்ச் 2026

அன்புள்ள அக்காவுக்கு,

வாட்ஸப் இருக்கிற காலத்திலை இவளென்ன கடிதம் எழுதுறாள் எண்டு யோசிப்பியள். வாட்ஸப்பிலை நான் வாய் திறந்தால் இவர் ஒரு பக்கம், பிள்ளையள் ஒரு பக்கம் நிண்டு காது குடுக்கினம். நீங்களும் ஸ்பீக்கரிலை போட்டுவிட்டுத்தான் கதைக்கிறனீங்கள். அம்மா கேட்டு, அம்மாவிட்டையிருந்து கோயிலடிக்குப் போய், கடைசியிலை ஸ்காபரோவிலை இருக்கிற மச்சாளின்ர காதுக்கு வந்து சேரும். கடன் கதையைக் கடிதத்திலை எழுதுறதுதான் பாதுகாப்பு.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாறியளோ எண்டு கேட்டிருந்தியள். அதுக்கு மறுமொழி சொல்ல முதல் இஞ்சை நடந்த மகாநாட்டைச் சொல்லவேணும்.

மார்ச் நடுவிலை இஞ்சை பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை லீவு. பனிக்குள்ளை கிடந்து விறைச்ச சனம் அந்தக் கிழமையிலை தெற்குப் பக்கம் பறக்கும். எங்கட மூத்தவளின்ர வகுப்பிலை கனபேர் புன்ரா கானா போகினமாம். டொமினிக்கன் குடியரசிலை இருக்கிற கடற்கரை. விமான ரிக்கெற், ஹோட்டல், சாப்பாடு, குடி எல்லாம் ஒரே விலைக்குள்ளை. கையிலை ஒரு பிளாஸ்ரிக் பட்டி கட்டிவிடுவினம், அதைக் காட்டினால் நாள் முழுக்கச் சாப்பிடலாம். போட்டு வந்து, முதுகுத் தோல் உரிய, தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னலாப் பின்னி மணி கோத்துக்கொண்டு வகுப்பிலை இருக்குங்கள். வெயிலுக்கை நிண்டால் கறுத்துப்போவாய் எண்டு எங்களைக் குடையோடை அனுப்பின அம்மாவுக்குச் சொல்லுங்கோ, இஞ்சை கறுக்கிறதுக்குக் காசு குடுக்கினம் எண்டு.

"நாங்கள் மட்டும் எங்கையும் போறேல்லை" எண்டாள் மூத்தவள். சண்டை பிடிக்கேல்லை, அழேல்லை. அதாலைதான் எனக்கு விலை பாக்க மனம் வந்தது. நாலு பேருக்கு வரியோடை 9,000 டொலர். பள்ளிக்கூட லீவு எண்டால் கடலுக்கும் விலை ஏறிப்போகுது.

இனி எங்கட கடன் கணக்கைக் கேளுங்கோ. அத்தானுக்கு வாசிச்சுக் காட்ட வேண்டாம்.

முதலாவது வீட்டுக் கடன். இஞ்சை 25 வருஷத்துக்குக் கடன் எண்டாலும் வட்டியைப் பெரும்பாலும் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்காப் புதுசாப் பேசவேணும். நாங்கள் வாங்கினது 2021இலை. அப்ப கனடா மத்திய வங்கியின்ர வட்டி 0.25 வீதம். எங்களுக்கு 1.99 வீதத்திலை கடன் கிடைச்சது, பெரிய கெட்டிக்காரர் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சம். 2023 ஆடியிலை மத்திய வங்கி வட்டி 5 வீதத்துக்கு ஏறி, பிறகு இறங்கத் தொடங்கினது. ஆனால் நாங்கள் வாங்கின காலத்து வட்டிக்கு இறங்கி வரேல்லை. இந்த வருஷம் எங்கட அஞ்சு வருஷம் முடியுது. மாசக் கட்டணம் 500 டொலருக்கு மேலை கூடுமெண்டு இவர் கணக்குப் போட்டு வைச்சிருக்கிறார். இரவுக்குப் புட்டோ இடியப்பமோ எண்டு கேட்டாலும் "ரினியூவல் வருது" எண்டுதான் மறுமொழி.

இரண்டாவது வான் கடன். மூண்டாவது, வீட்டை ஈடு வைச்சு எடுத்த லைன் ஒஃப் கிறெடிட். அதின்ர கதை பிறகு வரும். நாலாவதுதான் விசேஷம்: கிறெடிட் காட். 9,400 டொலர் நிக்குது, வட்டி 20.99 வீதம். குறைஞ்ச தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் கடன் முடிய எவ்வளவு காலம் செல்லுமெண்டு மாச பில்லிலை அச்சடிக்க வேணுமெண்டு இஞ்சை சட்டம். எங்கட காட்டுக்குக் குறைஞ்ச தொகை எண்டால் அந்த மாச வட்டியும், அதோடை 10 டொலரும். பில்லின்ர அடியிலை சின்ன எழுத்திலை என்ன கிடந்தது தெரியுமோ? 78 வருஷமும் 4 மாசமும்! எனக்கு இப்ப 44. கட்டி முடிக்கேக்கை 122. உலகத்திலை பதிவோடை ஆகக் கூடின காலம் சீவிச்ச பிரெஞ்சு மனிசி ஜான் கல்மோன் 1997இலை கண்ணை மூடினதும் 122 வயசிலைதான். இவர் என்னைவிட நாலு வயசு மூப்பு. மனிசன் உலக சாதனையை முறியடிச்சால்தான் வங்கிக்குக் காசு.

இந்த நிலைமையிலை கடற்கரைக் கதையை எடுத்தால் இவர் என்ன சொல்லுவார்? "கடன்காரனுக்குக் கடற்கரை என்னத்துக்கு?" எண்டார். நியாயம்தான். ஆனால் போன வருஷம் இதே மனிசன்தான் மூத்தவளின்ர சாமத்திய வீட்டுக்கு மண்டபம் பாக்க என்னையும் இழுத்துக்கொண்டு மார்க்கம் நகர் முழுக்கத் திரிஞ்சவர். 350 பேருக்குச் சாப்பாடு, மேடைச் சோடினை, மேலாலை பறந்து படமெடுக்கிற ட்ரோன். இஞ்சை சிலர் பிள்ளையை ஹெலிகொப்ரரிலை கொண்டுவந்து இறக்கினவை, நாங்கள் அந்தளவுக்குப் போகேல்லை எண்டு இப்பவும் பெருமையாச் சொல்லுறார். 28,000 டொலர், முழுக்க லைன் ஒஃப் கிறெடிட். கட்டுப்படியாகுமோ எண்டு ஒரு சனம் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை, அக்கா. வீடியோ அனுப்பச் சொல்லித்தான் கேட்டனீங்கள். மண்டபத்திலை வந்த காசு என்வலப்புகளை இப்ப சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மற்றவையின்ர விசேஷங்களிலை திருப்பிக் குடுத்துக்கொண்டு திரியிறம்.

அந்தப் பிள்ளை அண்டைக்குக் கூறைச் சீலை கடிக்க, நகைப் பாரத்திலை கழுத்து நோக, சிம்மாசனத்திலை சிரிச்சுக்கொண்டு இருந்தது. அது கேக்காததுக்கு 28,000 கடனெடுத்தம், கேட்டதுக்குக் கணக்குப் பாக்கிறம் எண்டு சொன்னன். இவர் கனநேரம் பேசாமல் இருந்துபோட்டு, "அது கடமை, இது சொகுசு" எண்டார். கடமை எண்டு பேர் வைச்சுப்போட்டால் எங்கட சனம் விலை கேக்காது. அதுதான் எங்கட வியாதி.

பிறகு இவரே மனமிளகி மலிவான வழி தேடத் தொடங்கினார். காட்டிலை சேர்ந்த பொயின்ற்ஸ் இருக்கெண்டு பெருமையாத் திறந்து பாத்தார். இவ்வளவு கடன்பட்டுச் சேர்த்த பொயின்ற்ஸுக்கு ஒரு பெட்டி கொண்டுபோற கூலிதான் வரும். கியூபா மலிவு எண்டார். அங்கை 2024 ஐப்பசியிலை நாடு முழுக்கக் கரண்ட் நிண்டது, அதுக்குப் பிறகும் நிண்டு நிண்டுதான் வருது. ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சு ஓஎல் எடுத்த எனக்கு, இருட்டிலை இருக்கக் காசு கட்டவேணுமோ?

ஊருக்கு வாறதையும் யோசிச்சம், அக்கா. ஆடி ஆவணியிலை நாலு ரிக்கெற்றே 8,000 தாண்டுது. நேரடி விமானம் இல்லை, டுபாய், டோகா எண்டு இறங்கி ஏறவேணும். அதுக்குப் பிறகு பெட்டி கட்டவேணும். சொக்கிளேற், சென்ற், கோடாலித் தைலம். ஒன்றும் வேண்டாம் எண்டு நீங்கள் சொல்லுவியள். நீங்கள் மட்டும்தான் சொல்லுவியள். ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாமல் விட்டால் வாற கோவம் ரெண்டு தலைமுறைக்கு நிக்கும்.

கடனெல்லாம் முடியட்டும், ஆறுதலாப் போவம் எண்டும் இவர் ஒருக்காச் சொன்னார். வீட்டுக் கடன் முடிய இன்னும் 20 வருஷம். அப்ப மூத்தவளுக்கு 33, சின்னவனுக்கு 29. வாளியும் கையுமா மணலிலை கோட்டை கட்ட அவனை அவன்ர மனிசியிட்டைக் கேட்டுத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும். புன்ரா கானாவுக்கான அந்த 9,000ஐக் கிறெடிட் காட்டிலை போட்டாலோ, வருஷ வட்டி மட்டும் ஏறக்குறைய 1,900 டொலர். ஒரு கிழமை குளிச்ச கடல் வருஷம் முழுக்க வீட்டுக்கை நிக்கும். இதிலை இவர் சொன்னதுதான் சரி. நான் வாய் திறக்கேல்லை.

அதாலை முடிவு இதுதான். புன்ரா கானா இல்லை. மார்கழியிலை எங்கட சீட்டு முடியுது, கழிவு ஒன்றும் போகாமல் கடைசியா எடுத்தால் 10,000 வரும். அது முழுக்கக் காட்டுக்கு. அதுக்குப் பிறகு காட்டுக்கும் சீட்டுக்கும் கட்டுற காசைச் சேர்த்தால் அடுத்த வருஷம் திருவிழாவுக்கு வரலாம். அதுக்கிடையிலை சொந்தத்துக்கை ஒருத்தரும் கலியாணம் கட்டாமல் பாத்துக்கொள்ளுங்கோ.

இந்தக் கோடைக்கு சாண்ட்பாங்ஸ் போறம். ஒன்ராறியோ ஏரிக் கரை, இஞ்சையிருந்து ரெண்டு மணித்தியாலக் கார் ஓட்டம். மணற்காட்டு மணல்மேடுகளைத் தூக்கிக்கொண்டு வந்து உப்பில்லாத கடலுக்குப் பக்கத்திலை கொட்டின மாதிரி இருக்கும். அரசாங்கப் பூங்கா, இரவுக்கு அம்பது அறுபது டொலர், கூடாரம் நாங்கள் கொண்டுபோகவேணும். அஞ்சு மாசத்துக்கு முதல், காலமை 7 மணிக்குப் பதிவு திறக்கும். இவர் ஒரு கொம்பியூட்டர், ரெண்டு போன், பக்கத்திலை பிளேன்ரீ எண்டு ஆறரைக்கே இருந்து ஓகஸ்ற்றுக்கு ஒரு இடம் பிடிச்சுப்போட்டார். கழிவறைக்குக் கிட்ட. கிட்ட இருந்தால் நல்லதுதானே எண்டு தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

எனக்குத்தான் சிரிப்பும் விசரும். 95 ஒக்ரோபர் 30 இரவு ஊரே இடம்பெயர, மழைக்குள்ளை கைதடிப் பக்கம் நடந்து, பள்ளிக்கூட விறாந்தையிலையும் மரத்துக்குக் கீழையும் கிடந்தமே, அப்ப எனக்கு மூத்தவளின்ர வயசு. கூடாரத்துக்கை படுக்கக் கூடாது எண்டுதானே இவ்வளவு தூரம் வந்தது? இப்ப அதுக்கு வாடகை கட்டுறம், அதுக்கும் போட்டி. மூத்தவளிட்டைச் சொன்னன், ஒரு நிமிஷம் முறைச்சுப்போட்டு, "சிநேகிதி ஒராளைக் கூட்டிக்கொண்டு வரலாமோ?" எண்டு கேட்டாள். சின்னவன் இப்பவே வரவேற்பறையிலை கூடாரத்தை விரிச்சு அதுக்குள்ளை படுக்கிறான். இவர் அதுக்கு மேலாலை தாண்டித்தான் வேலைக்குப் போறார்.

ஒண்டு மட்டும், அக்கா. அம்மாவிட்டைக் கூடாரம் எண்டு சொல்லிப்போடாதையுங்கோ. பேரப்பிள்ளையள் கனடாவிலையும் அகதியாப் போச்சுதுகள் எண்டு அழுது, தன்ர சங்கிலியை அடகு வைச்சாவது காசு அனுப்பப் பாப்பா. கேட்டால் ஹோட்டல் எண்டு சொல்லுங்கோ. ஆராவது இஞ்சாலை வந்தால் மிளகாய்த்தூள் வறுத்து இடிச்சு ரெண்டு கிலோ குடுத்துவிடுங்கோ. கூடாரத்தடியிலை சமைக்க அடுப்பு இவர் வாங்கிப்போட்டார், எவ்வளவு எண்டு இன்னும் சொல்லேல்லை.

அன்புடன்,
தங்கச்சி