அட்சதையின் பாரம்: கல்யாணப் படச் சுருக்கம் குறித்த ஓர் ஆராய்ச்சி

உத்திரமேரூர்ச் சபையார், முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-ஐ ஒட்டி, குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டுவித்தபோது, பிற்காலத்தார் அவற்றைப் படிக்க எந்தக் கருவி வேண்டும், அது கடையில் கிடைக்குமா என்றெல்லாம் சிந்தித்தவரல்லர். வைகுந்தப் பெருமாள் கோயிலில் இன்றும் அவை வெறுங்கண்ணுக்கே புலப்படுகின்றன. அதே ஊரில் சென்ற தை மாதம் நிகழ்ந்த என் தங்கை மகளின் விவாகமோ, ப்ளூரே வட்டில் ஏறிக் கைக்கு வந்த அன்றே, அவ்வட்டைச் சுழற்றும் யந்திரம் எங்கள் பந்துவர்க்கத்தில் ஒருவரிடத்தும் இல்லையென்பது பிரத்தியட்சமாகி, இணையத்தில் ஓடும் வடிவத்துக்கு மாறவேண்டிய நிர்ப்பந்தத்தை அடைந்தது. (மூத்தவளின் விவாகத்தை முன்னரே எஃப்.எல்.வி. வடிவத்தில் மாற்றி வைத்திருந்தோம். அதற்கு ஆதாரமான ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஓய்வு பெற்றுவிட்டது. தம்பதிகள் சௌக்கியம், படந்தான் உலாவியில் திறப்பதில்லை.)

வட்டின் ஸ்தூல நிலை எளிது. 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதாநீல லேசரால் படிக்கப்படும் ஓரடுக்கில் 25 ஜிகாபைட் கொள்ளும். எங்கள் படம் வினாடிக்கு 18 மெகாபிட் வீதம் மூன்று மணி நேரம் ஓடி, ஏறத்தாழ அத்தனையையும் விழுங்கியிருந்தது. சிங்கப்பூர் மாமா கைப்பேசியில் காணும்பொருட்டு வீதத்தை 2.5 மெகாபிட் ஆக்கினால் மூன்றரை ஜிகாபைட்டுக்குள் அடங்கும். அங்ஙனமாயின், கழிந்த ஏழில் ஆறு பங்கு இன்னதென்று தீர்மானித்தவர் யார்?

2003-இல் வகுக்கப்பட்ட எச்.264 என்னும் முறையே அந்த நீதிபதி. அது ஒரு காட்சியை முழுதாக எழுதிவிட்டு, தொடர்ந்து வருபவற்றில் மாறியதை மட்டுமே குறித்துக்கொள்ளும் சிக்கனக் கணக்கப்பிள்ளை. ஆகவே, வரவேற்பில் இரண்டு மணி நேரம் பிரதிமைபோல் நின்ற தம்பதிகளுக்கும், முன்வரிசையில் நித்திரை செய்த பெரியப்பாமார்களுக்கும் ஆகும் செலவு சொற்பம். கெட்டிமேளம் கொட்டியதும் நிலைமை விபரீதமாகிறது. நானூறு கைகளிலிருந்து புறப்படும் அட்சதையில் ஒவ்வோர் அரிசியும் தனக்கென ஒரு திசையும் வேகமும் கொண்டு பறப்பதால், முந்தைய காட்சி எவ்வித சகாயமும் செய்வதில்லை. ஒதுக்கிய பிட்டுகள் போதாமல், முகூர்த்தம் கூடிய அதே க்ஷணத்தில் படம் சதுரஞ்சதுரமாக உடைகிறது. அரிசியைக் குறைத்துத் தூவியிருக்கலாம் என்று மாமா தொலைபேசியில் தெரிவித்த அபிப்பிராயம் சாஸ்திர விரோதமாயினும் கணிதத்துக்கு விரோதமன்று.

அத்தையின் ஆட்சேபம் இதனினும் கூரியது. "கோர்வைப் புடவைன்னுதானே காஞ்சிபுரத்துல எடுத்தோம்? இதுல என்னடா கட்டம் போட்டிருக்கு?" உடலையும் கரையையும் தனித்தனி நாடா ஓட்டி, ஒருவர் எறிய மற்றவர் வாங்கிக் கோத்து நெய்த எல்லைக்கோட்டை, பதினாறுக்குப் பதினாறு புள்ளிகளாகப் பகுத்துக் கணக்கிடும் யந்திரம், அறியாமையாலே கட்டம்போட்ட சேலையாக்கிவிட்டதென்று அவரிடம் யான் விளக்கவில்லை.

பரிகாரம் இரு நடைச் சுருக்கம்: முதல் நடையில் படம் முழுவதையும் அளந்து எங்கே கஷ்டம் மிகுதியென்று குறித்துக்கொண்டு, மறுநடையில் அதற்கேற்பப் பங்கிடுதல். ஏரி வாரியத்துக்கு ஆறு பேரை நியமித்த ஊரில், வயலைச் சுற்றிப் பார்த்தபின் மடையைத் திறக்க வேண்டுமென்பதைக் கணினி சொல்லித்தானா அறியவேண்டும்! நித்திரை செய்த பெரியப்பாமார்களிடம் மிச்சம் பிடித்ததெல்லாம் அட்சதைக்குப் பாய்ந்தது. இராமுழுதும் ஓடிய கணினி விடியலில் தந்த படத்தில் அரிசி அரிசியாகவே தெரிந்தது. சம்பந்தி வீட்டார் ஒருவர் அதனை இடக்கையால் தூவியதும் தெரிந்தது. அத்தை அவ்விடத்தில் நிறுத்தி, பின்னோட்டி, மறுபடியும் நிறுத்தி, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.