பக்கத்துக் கிணத்தைக் கேளு, பேராண்டி

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. என்னமோ திட்டம்னு வாசிச்சியே, 18 மாசத்துல 12 ஊருக் கண்மாயைத் தூர்வாரி, சங்கம் வச்சு, ஊர்க்காரங்க கையில ஒப்படைச்சிருவோம்னு. கட்டம் கட்டமா கலர் அடிச்சது கண்ணுக்குக் குளுமையாத்தான் இருக்கு. ஆனா அதுல மழை எந்த நிறம்? தேர்தல் எந்த நிறம்? சங்கத் தலைவிக்கும் பொருளாளருக்கும் வரப்புத் தகராறு வருமே, அதுக்கு என்ன கலர்?

சிரிக்காத. நீ சொன்ன கதையெல்லாம் முடிஞ்சு வச்சிருக்கேன். உதய்ப்பூர்ல சேவா மந்திர்னு ஒரு தொண்டு நிறுவனம். அவங்க ஊசி முகாம் போகாத ஊர்ல 100-க்கு 6 பிள்ளைங்கதான் தடுப்பூசி முழுசாப் போட்டிருந்துச்சுங்க. மாசாமாசம் முகாம் நடந்த ஊர்ல 18. முகாமோட ஊசிக்கு 1 கிலோ பருப்பு, எல்லாம் முடிச்சாத் தட்டுன்னு குடுத்த ஊர்ல 39. தாய்மாருக்கு ஊசி மேல பகை இல்ல தாத்தா, ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’தான் காரணம்னு நீதானே சொன்ன?

நல்லது. சனங்களோட ‘நாளைக்கு’க்குப் பருப்பு கண்டுபிடிச்சாச்சு. மூணு மாச அறிக்கையைக் கடைசி ராத்திரி உக்காந்து எழுதுற உங்க ஆபீசுக்கு எத்தனை கிலோ?

அந்த டேனியல் கானமன், 2002-ல நோபல் வாங்கினவரு, அவரு கதையும் உன் வாயால கேட்டதுதான். இஸ்ரேல்ல பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் எழுதக் கூடினாங்க. பாடம் என்ன? முடிவெடுக்குறது எப்படிங்கிறது! எப்ப முடியும்னு ஆளுக்கொரு சீட்டுல எழுதினாங்க. எல்லாருக்கும் ரெண்டு வருசம் வாக்குல. கூட இருந்த அனுபவஸ்தர்கிட்ட, ‘இதே வேலை செஞ்ச மத்தவங்களுக்கு எவ்வளவு ஆச்சு?’ன்னு கேட்டா, 100-க்கு 40 குழு முடிக்கவே இல்ல, முடிச்சவங்களுக்கு 7லேருந்து 10 வருசம்னாரு. அவரும் ரெண்டு வருசம்னு சீட்டு எழுதினவருதான்! கேட்டுட்டு எந்திரிச்சுப் போனாங்களா? அதுதான் இல்ல. வேலை முடிய 8 வருசம். புத்தகத்தை யாரும் தொடல.

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? கிணறு வெட்டுறப்ப, தைக்குள்ள தண்ணி பாத்துருவோம்னேன். பாறை தட்டி ரெண்டு தை ஓடிருச்சு. பக்கத்துத் தோட்டத்துக் கிணத்துக்கு எத்தனை மாசம் ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் சோம்பேறி, நம்ம மண்ணு வேறன்னு இருந்துட்டேன். பாறைக்கு யாரு தோட்டம்னு தெரியுமா?

அதனால, முன்னாடி தூர்வாரின நாலு கண்மாய்க் கணக்கை எடு. அதைப் பாத்து நாள் குறி. ‘நாள் கூட்டிக் கேட்டா ஃபண்டு வேற ஆளுக்குப் போயிரும்’னு முனங்குற; தெரியும். பொய்த் தேதிக்குப் பணம் வாங்கிட்டு, அப்புறம் வருசா வருசம் சாக்கு எழுதுறதுக்கு ஒரு ஆளு போடுவீங்களே, அந்தச் சம்பளத்தையும் கூட்டிப் பாரு.

இன்னொண்ணு. துட்டி வீட்டுக்குப் போயிருக்கியா? செத்தவன் எதனால செத்தான்னு அங்க எல்லாருக்கும் தெரியும். உசுரோட இருந்தப்ப ஒருத்தனும் வாயத் திறந்திருக்க மாட்டான். உன் ஆபீஸ் ஆளுகளை உக்கார வச்சு, ‘திட்டம் செத்துப் போச்சு, எதனால?’ன்னு கேளு. பொறுப்பாளர் முன்னாடி பேசப் பயந்தவனும் பேசுவான்.

என்ன, கிளம்பிட்டியா? பொங்கலுக்குக் கண்டிப்பா வரேங்கிற. போன நாலு பொங்கலுக்கும் அதேதான் சொன்ன. பானையில உனக்கு அரிசி போட வேண்டாம்னு ஆச்சிகிட்டச் சொல்லிட்டேன்.

கோவிச்சுக்காதடா, கணக்கு அப்படித்தான் வருது.