வாடகை வீட்டில் வேதாளம்

பெங்களூரில் சுவரில் பேயை மாட்ட வேண்டுமானால் முதலில் வீட்டு ஓனரைக் கேட்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்தாலும் ஆணி அடிக்கும் உரிமை நமக்குக் கிடையாது. காலி செய்யும்போது ஓட்டைகளை எண்ணி, பெயின்டிங் சார்ஜோடு சேர்த்து அட்வான்ஸில் கழித்துக்கொள்வார்கள். இந்த லட்சணத்தில்தான் திகில் காமிக்ஸ் அட்டைகளுக்காக வரைந்த அசல் ஓவியங்களைச் சேகரிக்கும் ஆசை எனக்கு வந்திருக்கிறது. அச்சான புத்தகம் அல்ல. ஓவியரின் கை பட்ட தாளேதான்.

"ஏங்க, ஊர்ல எல்லாரும் ஹால்ல லட்சுமி படம் மாட்டுறாங்க. நீங்க பொணத்த மாட்டணுங்கிறீங்களே!" என்கிறாள் மனைவி. இங்கேயே அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். தொண்ணூறுகளில் இந்த ஊரில் ராத்திரியில் ஒரு பேய் கதவைத் தட்டுவதாகப் புரளி கிளம்பி, வாசல்களில் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதி வைத்தார்கள். பேய் அதைப் படித்துவிட்டு, சரி, நாளைக்கு வருவோம் என்று திரும்பிவிடுமாம். மறுநாளும் அப்படியே. எழுதப் படிக்கத் தெரிந்த, சொன்ன பேச்சுக் கேட்கிற பேய். என்னைத் தேடி வரும் கூரியர்காரருக்கும் அதையே எழுதி வைக்கப்போவதாக அவள் சொல்கிறாள்.

உண்மையில் பயப்பட வேண்டியது விலைக்குத்தான். 'ஈரி' என்ற அமெரிக்கத் திகில் பத்திரிகையின் 23ஆம் இதழ் அட்டையில் 1969இல் வந்தது பிராங்க் பிரசெட்டாவின் 'எகிப்திய ராணி'. அதன் அசல் 2019இல் 54 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் 37 கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவு பணம் இருந்தால் ஓனரிடம் கெஞ்சுவானேன்? தெருவையே வாங்கி இஷ்டத்துக்கு ஆணி அடிக்கலாம்.

அந்தக் காலத்தில் அங்கேயும் இந்த அசல் ஓவியங்களை மதித்தவர்கள் குறைவு. விதிவிலக்கு, ஈ.சி. காமிக்ஸ் முதலாளி வில்லியம் கெய்ன்ஸ். 1954இல் செனட் விசாரணையில், கோடரியும் பெண்ணின் வெட்டுண்ட தலையுமாக இருந்த அட்டையைக் காட்டி இது நல்ல ரசனையா என்று கேட்டார்கள். ஆமாம், தலையை இன்னும் தூக்கிப் பிடித்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் மோசம் என்றார் மனிதர். அவருடைய திகில் இதழ்கள் நின்றுபோயின. ஆனால் ஓவியங்களை அவர் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார். பின்னாளில் அவை ஏலத்துக்கு வந்தன.

நம்மிடமும் பேய்க்குப் பஞ்சமில்லை. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தை ஏற்றிவிட்டவர் ஓவியர் சங்கர். 1952இல் அங்கே சேர்ந்தவர். 2020இல் 96 வயதில் மறைந்தார். பத்மஸ்ரீ அதற்கு அடுத்த வருடம் வந்தது. நம் அரசாங்கமும் 'நாளே பா' பலகையைப் படித்திருக்கும் போலிருக்கிறது. சிவகாசியிலோ 1986இல் 'திகில்' என்ற பெயரிலேயே ஒரு காமிக்ஸ் வந்தது. லயன், முத்து காமிக்ஸ் அட்டைகளுக்கு வரைந்த மாலையப்பனை அந்த இதழ்களின் வாசகர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் அந்நாளைய அச்சகத்துக்கு ஓவியம் வெறும் மூலப்பொருள். கேமராவில் பிடித்து நெகட்டிவ் எடுத்தாயிற்றா, அதன் ஜோலி முடிந்தது.

நண்பர் ஒருவரிடம் அப்படித் தப்பிய ஓர் அட்டை ஓவியம் இருக்கிறது. மேலே கால் பங்கு வெறும் கருநீலம். தலைப்புக்காக விட்ட இடம். தலைப்பு இல்லாததால் பேய், எதற்கு வந்தோம் என்று மறந்தது போல அண்ணாந்து பார்க்கிறது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் வாயருகே வெள்ளைச் சாயம் மேடு தட்டியிருப்பது தெரியும். அதற்கடியில் இன்னொரு கோரைப்பல். ஒன்று போதும் என்று ஓவியருக்கே இரக்கம் வந்திருக்கிறது. அச்சில் இந்தப் பல் வைத்தியம் தெரியவே தெரியாது. இதற்காகத்தான் இத்தனை பாடும்.

வடபழனியிலோ சிவகாசியிலோ உங்கள் அப்பா, தாத்தா அச்சகத்தில் வேலை பார்த்திருந்தால், பரணில் கிடக்கும் சுருளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள். விற்பதாக இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பார்சலை மட்டும் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புங்கள்.